சட்டப் படிப்பில் சேர்க்கை: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



விழாக் குழுவினர் என்னிடம், "பழைய நினைவுகளைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்று சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் விடுதிச் சாம்பாரையும், வேலைநிறுத்தத்தையும், மாதிரி நீதிமன்றத்தில் உளறியதையும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது ஒன்றுதான். அது நம் கல்லூரியின் அறிவிப்புப் பலகை.

நான் 1986ல் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவன். தட்டச்சு செய்த பட்டியலைப் பலகையில் குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். என் அப்பா அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். கடைசிக்குச் சற்று முன்னால் என் பெயர் இருந்தது. ஐந்தாண்டுப் படிப்பு அப்போது புதுசு. "டிகிரி முடிச்சுட்டு மூணு வருஷம் படிக்கிறதை விட்டுட்டு, பிளஸ் டூ முடிச்ச கையோட அஞ்சு வருஷமா?" என்று ஊரில் கேட்டார்கள். போட்டி அதிகம் இல்லாத காரணத்தால் எனக்கு இடம் கிடைத்தது என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இன்று பலகை இல்லை. பட்டியல் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதோடு 'கட் ஆஃப்' என்ற ஒரு சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை இடம், கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன, ஓர் இடத்துக்கு எத்தனை பேர் போட்டி என்று ஜூன் மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்கக் கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். எப்படிப் படிக்கக் கூடாது என்பதற்கு நானே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக் குமாஸ்தா தம் மகளை அழைத்து வந்தார். பிளஸ் டூ முடித்த பெண். ஐந்தாண்டு ஆனர்ஸ் சட்டப் படிப்பு ஒன்றில் சேர ஆசை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. நான் முந்தைய ஆண்டுப் பட்டியலை எடுத்து, அவளுடைய பிரிவின் கடைசி மதிப்பெண்ணைப் பார்த்தேன். அவளுடையது அதைவிடக் கொஞ்சம் குறைவு. "கிடைக்காதும்மா. பணத்தையும் நாளையும் வீணாக்காதே. வேற ஏதாவது டிகிரி சேர்ந்துக்கோ" என்றேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் விண்ணப்பமே போடவில்லை.

அந்த ஆண்டுக் கலந்தாய்வு முடிந்த பிறகு வேறொரு காரியமாகப் பட்டியலைப் பார்த்தேன். அவள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் அவளுடையதைவிடக் குறைவு. அடுத்த நாள் குமாஸ்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம் சார்" என்றார். முப்பது ஆண்டுத் தொழிலில் எத்தனையோ வழக்கில் தோற்றிருக்கிறேன். எதிர்த்தரப்பே இல்லாமல் நான் தோற்ற வழக்கு இது ஒன்றுதான்.

அதன் பிறகுதான் இந்த எண்களை ஒரு வழக்குக் கட்டைப் படிப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தேன். நான் கண்டுகொண்ட நான்கு விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது. தகுதி மதிப்பெண் வேறு, கட் ஆஃப் வேறு. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் சேரப் பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் குறைந்தது 45 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். அது விதி. முன்கூட்டியே தெரிவது. பல்கலைக்கழகம் ஏதேனும் ஒரு படிப்புக்கு அதற்கு மேல் தகுதி வைத்தால் அதையும் முன்கூட்டியே அறிவித்துவிடும். கட் ஆஃப் அப்படியல்ல. எல்லாம் முடிந்த பின், கடைசியாக உள்ளே வந்த பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு நாம் வைக்கும் பெயர் அது. போன வருஷ மழை அளவைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் விதைக்காமல் இருக்கும் விவசாயி உண்டா?

அந்த மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நம் மாநிலத்தில் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200ஆக இருந்தது, 2019 மார்ச் தேர்விலிருந்து 600 ஆனது. 2021ல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கட் ஆஃபை அதற்கு முந்தைய ஆண்டோடும் பிந்தைய ஆண்டோடும் ஒப்பிடுவது, முழக் கோலால் அளந்ததையும் மீட்டரால் அளந்ததையும் கூட்டுவதற்குச் சமம். அது போக, கலந்தாய்வு ஒரே நாளில் முடிவதில்லை. முதல் சுற்றில் இடம் பெற்ற பிள்ளை மருத்துவமோ பொறியியலோ கிடைத்துப் போய்விட்டால், அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு இறங்கி வருகிறது. முதல் சுற்றின் எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர் ஏமாந்தவர்.

இரண்டாவது. கட் ஆஃப் என்று ஒன்று கிடையாது, பல உண்டு. நம் மாநிலத்தில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 விழுக்காடு பொது. இந்தப் பொது என்பது யாருக்கும் ஒதுக்கியதல்ல. எந்தச் சமூகத்துப் பிள்ளையும் மதிப்பெண் வரிசையில் அதில் வரலாம். இதைச் சட்டம் படித்தவர்களே தவறாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பார் கவுன்சில் விதிப்படி ஒரு வகுப்புப் பிரிவுக்கு 60 பேர். இப்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 60ல் பொது 18.6, பிற்படுத்தப்பட்டோர் 15.9, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 12, பட்டியல் சாதியினர் 9, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 2.1, அருந்ததியர் 1.8, பழங்குடியினர் 0.6. பின்னங்களைச் சுழற்சி முறையில் சரிசெய்வார்கள். ஆனால் நம் கணக்குக்கு இதுவே போதும். ஒரு பிரிவில் ஓர் இடமோ இரண்டு இடமோ இருக்கும்போது 'அந்தப் பிரிவின் கட் ஆஃப்' என்று அச்சிடுகிறோமே, அது யாருடைய எண்? ஒரே ஒரு பிள்ளையின் எண்! அந்த வருஷம் மலைக் கிராமத்திலிருந்து நன்றாகப் படித்த ஒரு பெண் வந்திருந்தால் அது உச்சத்தில் நிற்கும். அவள் வேறு படிப்புக்குப் போயிருந்தால் கீழே இறங்கியிருக்கும். ஒருவரை வைத்துச் சொல்வது புள்ளிவிவரம் ஆகாது. அது ஒருவரின் கதை. அந்த ஒற்றை எண்ணைக் கண்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

2021ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே அதற்கு முந்தைய பட்டியலைக் காட்டி அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் "கிடைக்காது" என்று சொல்வது இப்போது சட்டப்படியே தவறான ஆலோசனை.

மூன்றாவது. 'ஓர் இடத்துக்கு இத்தனை பேர்' என்ற கணக்கு. இதைப் போலப் பயமுறுத்துவது வேறில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்குக்காக நானே கற்பனையாக வைத்துக்கொண்டது. ஐந்து கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் 20 இடம். மொத்தம் 100 இடம். விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் 100 பேர். பயத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிறது. ஒவ்வொரு கல்லூரியும் "எங்களிடம் 20 இடத்துக்கு 100 பேர், ஓர் இடத்துக்கு ஐந்து பேர் போட்டி" என்று பெருமையாக அறிவிக்கிறது. ஐந்து கல்லூரியும் சொல்வது பொய்யில்லை. ஆனால் கடைசியில் 100 பேருக்கும் இடம் உண்டு!

இது நிஜத்திலும் நடந்தது. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி 1980களின் இறுதியில் தொடங்கிய பின், பல மாநிலங்களில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்தியது. ஒரே பிள்ளை ஊர் ஊராகப் போய்ப் பல தேர்வு எழுதி, பல கணக்கில் ஏறியது. அந்த அலைச்சல் உச்சநீதிமன்றம் வரை வழக்காகப் போன பிறகு, 2008ல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் 'கிளாட்' பொதுத் தேர்வை நடத்தின. அதன் பின் ஒரு பிள்ளை ஒரு முறைதான் கணக்கில் வருகிறது. ஆக, பொதுத் தேர்வுக்கு முந்தைய விண்ணப்ப எண்ணிக்கையையும் பிந்தையதையும் அருகருகே வைத்துப் போட்டி கூடிற்று, குறைந்தது என்று பேசுவதில் பொருளில்லை.

இடங்களும் மாறுகின்றன. பெங்களூரில் நெடுங்காலம் 80ஆக இருந்த ஐந்தாண்டுப் படிப்பின் இடங்கள் 2020க்குப் பிறகு படிப்படியாகப் பல மடங்கு கூட்டப்பட்டன. இடம் கூடினால் கடைசித் தரவரிசையும் கீழே இறங்கத்தானே செய்யும்? தரவரிசையும் கல்வெட்டு அல்ல. 2025ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான கிளாட் தேர்வில் சில கேள்விகளுக்கான விடைகள் தவறு என்று வழக்கு எழுந்து, டெல்லி உயர்நீதிமன்றம் சென்று, 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஓரிரு கேள்விகளின் விடை மாறினால் தரவரிசையே மாறுகிறது. அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை எடை போடுவது நியாயமா?

இங்கே வெளியூர் உதாரணம் ஒன்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வழக்கமான மூன்றாண்டுச் சட்டப் படிப்போடு, 'ஐரோப்பியச் சட்டத்துடன் கூடிய சட்டம்' என்ற வகையில் நான்காண்டுச் சிறப்புப் படிப்பு ஒன்று உண்டு. அதில் ஓராண்டு ஐரோப்பாவில் வேறொரு பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க வேண்டும். சிறிய படிப்பு, சில இடங்கள். ஆக்ஸ்ஃபோர்டு தன் படிப்புகளுக்கு ஓராண்டு எண்ணை மட்டும் தராமல் மூன்றாண்டுச் சராசரியாக, நேர்காணலுக்கு எத்தனை விழுக்காட்டினர் அழைக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று வெளியிடுகிறது. சிறிய படிப்பில் ஓராண்டு எண் துள்ளிக் குதிக்கும், மூன்றாண்டுச் சராசரி கொஞ்சம் நிதானமாக நிற்கும். இன்னொரு செய்தியும் உண்டு. நான்காண்டுப் படிப்புக்கு விண்ணப்பித்து அதில் இடம் கிடைக்காதவரை மூன்றாண்டுப் படிப்புக்கும் பரிசீலிக்கிறார்கள். நான்காண்டுப் படிப்பின் வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. அவர்களில் சிலர் பக்கத்துக் கதவு வழியாக உள்ளேதான் போயிருப்பார்கள். 2018 முதல் ஆண்டுதோறும் ஒரு சேர்க்கை அறிக்கையும் அங்கே வருகிறது. அரசுப் பள்ளியிலிருந்து எத்தனை பேர், தனியார் பள்ளியிலிருந்து எத்தனை பேர் என்று அதில் பகிரங்கமாகச் சொல்கிறார்கள். குறை தெரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

நான்காவது. இதுதான் எனக்கு முக்கியம். எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பமே போடாதவர்கள்.

விண்ணப்பித்தவர், அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர் என்று எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. 'நம்மால முடியாது' என்று வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைக்குப் பத்தி எங்கே? கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. 2020 முதல் நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்து விடையளிக்கும் முறை வந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவினருக்கு 4000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு 3500 ரூபாய். தேர்வு எழுதுவதற்கு மட்டும் இந்தத் தொகை. பயிற்சி மையத்துக்குக் கொடுப்பது தனி. தமிழ் வழியில் படித்த கூலித் தொழிலாளியின் மகள் இந்த வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவள் தோற்றவர் கணக்கிலும் வரமாட்டாள். இதை உணர்ந்துதான் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010ல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பயிற்சி கொடுத்துத் தேர்வு எழுத வைத்தார். அவர் 2019ல் மறைந்துவிட்டார். அமைப்பு தொடர்கிறது.

நம் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைக்கு இது பெரிய வாசல். ஆனால் அந்த வாசலிலும் நின்றுகொண்டு "உனக்குக் கிடைக்காது" என்று சொல்ல என்னைப் போல் ஒரு வக்கீல் இருக்கிறாரே! போட்டியில்லாத காலத்தில் கடைசிக்கு முந்தி உள்ளே வந்த நான், என்னைவிட நன்றாகப் படித்த ஒரு பெண்ணுக்கு வாசலை அடைத்தேன். அவளை அடைத்தது விதியல்ல, ஒதுக்கீடு அல்ல, கட்டணம்கூட அல்ல. என் ஐந்து நிமிடச் சோம்பேறித்தனம்.

சரி, இதைக் கேட்டு என்ன செய்வது? மூன்று வேண்டுகோள்.

சங்கத்துக்கு ஒன்று. அடுத்த ஆண்டு மலரில் விளம்பரப் பக்கம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு ஓர் அட்டவணை போடுங்கள். நம் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தமிழ் வழியில் வந்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர், ஐந்தாம் ஆண்டை முடித்தவர்கள் எத்தனை பேர், வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று. பெயர் வேண்டாம், எண் போதும். மூன்றாண்டுக்குச் சேர்த்துப் போடுங்கள். உள்ளே வந்த கணக்கைக் காட்டிப் பெருமைப்படும் நாம், வெளியே போன கணக்கையும் பார்க்க வேண்டாமா? பாதியில் நின்றவர் ஏன் நின்றார் என்று கேட்டால், சங்கத்தின் உதவித் தொகை எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் ஆயிரக் கணக்கில் இருந்தபோது பட்டம் வாங்கியும் பதிவு செய்யாமல் காத்திருந்தவர்களை நாம் அறிவோம். வழக்கறிஞர் சட்டத்தில் உள்ளதற்கு மேல், அதாவது பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தடை இப்போது நீங்கிவிட்டது. மற்ற தடைகளைக் கண்டுபிடிக்க நமக்கு ஓர் அட்டவணை வேண்டும்.

தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. உங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளையிடம் கட் ஆஃபைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் மூன்று ஆண்டுப் பட்டியலைக் காட்டுங்கள், எந்தச் சுற்று என்று சொல்லுங்கள், அந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை என்றால் நீங்கள் கட்டுங்கள். ஒரு நாள் வாய்தாவுக்கு ஆகும் செலவுகூட ஆகாது. விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனால் நஷ்டம் சில நூறு ரூபாய். விண்ணப்பிக்காமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. நீங்கள் இந்த எண்களுக்குள் வந்துவிட்டவர்கள். உங்கள் கட் ஆஃபைப் பற்றிப் பேசுவதைச் சேர்ந்த முதல் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். "நீ எந்த கோட்டா?" என்ற கேள்வி வகுப்பறையில் எழக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் போங்கள். பிளஸ் டூ பிள்ளைகளிடம் சட்டப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, இப்படி விண்ணப்பிக்க வேண்டும், இன்ன சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்கி வைக்காமல் கலந்தாய்வு நாளில் அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முடித்துக்கொள்கிறேன். அந்தக் குமாஸ்தாவின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மூன்று ஆண்டு இளங்கலை படித்தாள். பிறகு, இந்த முறை என்னைக் கேட்காமலேயே, மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்துச் சேர்ந்தாள். ஐந்தில் முடிந்திருக்க வேண்டியது ஆறாண்டு ஆயிற்று. அவள் விரும்பிய ஆனர்ஸ் படிப்பு கிடைக்காமலே போயிற்று. அதை நான் திருப்பித் தர முடியாது. இப்போது என் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறாள். ஜூன் மாதம் பெற்றோர் பிள்ளைகளோடு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை, அவளிடம் அனுப்பிவிடுகிறேன். அவள் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "அப்ளிகேஷன் போட்டாச்சா? போட்டுட்டு வாங்க, அப்புறம் கணக்குப் பார்க்கலாம்."